விலாசம் வேறு, ஆள் வேறு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)





இன்று எமக்குப் பேசத் தரப்பட்ட பொருள், இணையத்தில் வழங்கும் ஐ.பி. விலாசமும் நமது அந்தரங்கமும் என்பதாகும். விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் கேட்க வந்த பெரியோர்க்கு இது வறண்ட பொருளாகத் தோன்றலாம். ஆயினும், கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் கல்குடாவிலே தேடிப் பார்க்க வேண்டியுள்ள இக்காலத்தில், இப்பொருள் ஒரு குடும்பத்தின் மானத்தையும், சில வேளைகளில் ஒரு பிள்ளையின் விடுதலையையும் தொட்டு நிற்கின்றது. அதனைக் காட்டுவதே எமது நோக்கம்.

நம் இளைஞரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. “பொய்ப் பெயரில் எழுதினால் எழுதியவன் யாரென்று எவருக்குத் தெரியப்போகிறது?” என்பது ஒன்று. “ஐ.பி.யைப் பிடித்தால் போதும், வீட்டுப் படலைவரை காட்டிவிடும்” என்பது மற்றொன்று. முதலாவது, பொல்லாங்கு செய்பவனுக்குத் துணிவைக் கொடுக்கிறது. இரண்டாவது, பொல்லாங்கு செய்யாதவன் தலையில் பழியை ஏற்றுகிறது. இரண்டுமே பிழையானவை. ஏன் பிழை என்பதை அறிய வேண்டுமானால், அந்த இலக்கம் என்னவென்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கடிதம் வந்து சேர விலாசம் வேண்டும். அதுபோலவே, இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால், அப்பக்கம் திரும்பி வந்து சேருவதற்கும் விலாசம் வேண்டும். அதுவே ஐ.பி. விலாசம். அது 203.0.113.25 என்பதுபோல் நான்கு எண்களாக எழுதப்படும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். நாம் இங்கே சொன்ன இலக்கம் பாடப்புத்தக உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது; ஆகவே எவருடைய வீட்டையும் நாம் மேடையில் வைத்துக் காட்டிக்கொடுக்கவில்லை.

இம்முறை 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இதில் அமையக்கூடிய விலாசங்கள் ஏறக்குறைய 429 கோடி. அன்றைய உலக சனத்தொகை சுமார் 450 கோடி. ஆளுக்கொரு கணினி வரும், அதன்மேல் ஆளுக்கொரு கைத்தொலைபேசியும் வரும் என்று அன்று எவரும் எண்ணவில்லை போலும். உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருந்த விலாசங்கள் 2011 பெப்ரவரி 3ஆம் திகதி பகிர்ந்து முடிந்தன. உலகை ஐந்து பகுதிகளாகப் பிரித்து இவ்விலாசங்களை வழங்கும் பதிவகங்களுள் நமது பகுதிக்குரியது அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் இருக்கிறது. அது மொத்தமாகத் தொலைபேசிக் கொம்பனிகளுக்கு வழங்கும்; கொம்பனிகள் நமக்கு வழங்கும்.

நமக்கு அவர்கள் எப்படி வழங்குகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மிஷன் பாடசாலையிலே நாம் படித்த காலத்தில், வரவிடாப்பிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கம் இருக்கும். இவ்வாண்டு 17ஆம் இலக்கம் ஒருவனுக்கு. அடுத்த ஆண்டு அதே 17 வேறொருவனுக்கு. “17ஆம் இலக்கம் யார்?” என்று தெருவில் நின்று கேட்டால் எவராலும் விடை சொல்ல முடியாது. எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று சொல்லி, அந்த இடாப்பை வைத்திருக்கும் ஆசிரியரிடம் கேட்டாற்றான் பெயர் வரும். ஐ.பி. விலாசமும் அப்படியே. அது பலருக்கு நிரந்தரமானதன்று. இன்று காலையில் நமக்கிருந்த இலக்கம் மாலையில் இன்னொருவருக்குப் போயிருக்கலாம். எந்த நேரத்தில் எவரிடம் இருந்ததென்ற இடாப்பு தொலைபேசிக் கொம்பனியிடமே இருக்கும்.

இன்னுமொரு சிக்கல் உண்டு. விலாசங்கள் தட்டுப்பாடாகிவிட்டமையால், கொம்பனிகள் பல நூறு கைத்தொலைபேசிகளை ஒரே விலாசத்தின் பின்னால் நிறுத்திவைக்கின்றன. ஒரே வளவுக்குள் பல குடும்பங்கள் இருந்து, எல்லாக் கடிதங்களும் ஒரே விலாசத்துக்கு வந்து, உள்ளே ஒருவர் பிரித்துக் கொடுப்பது போன்றது இது. இத்தட்டுப்பாட்டைப் போக்க 39 இலக்கங்கள் நீளமான எண்ணளவு விலாசங்களைக் கொண்ட ஆறாம் பதிப்பு வந்திருக்கிறது. ஆயினும் பழைய முறையும் அதனோடு கூடவே நடந்துகொண்டிருக்கிறது.

சரி, இலக்கத்தை இட்டால் ஊரைக் காட்டும் இணையத்தளங்கள் இருக்கின்றனவே, அவை எப்படிக் காட்டுகின்றன? அந்த இலக்கத்துக்குள் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த இலக்கத் தொகுதி எந்தக் கொம்பனிக்குரியது, அக்கொம்பனி அதனை எந்தப் பிரதேசத்தில் பாவிக்கிறது என்பவற்றைத் திரட்டி வைத்திருக்கும் பெரிய அட்டவணைகள் உண்டு; அவற்றைப் பார்த்தே சொல்கின்றன. நாடு எதுவென்று பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஊருக்கு வந்தால் தடுமாறும். கல்குடாவில் இருந்து இணையம் பார்ப்பவரைக் கொழும்பில் இருப்பதாக அவை காட்டினால் வியப்படைய வேண்டியதில்லை.

இத்தடுமாற்றம் வெறும் வேடிக்கையாக மட்டும் முடிவதில்லை. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்திலே பொட்வின் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அயலில் ஒரு பண்ணை வீடு. அட்டவணை தயாரிக்கும் மக்ஸ்மைண்ட் என்னும் கொம்பனி, அமெரிக்காவில் உள்ளதென்று மாத்திரம் தெரிந்து, ஊர் தெரியாத விலாசங்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்தது. அப்புள்ளி இந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட விலாசங்கள் அந்த ஒரே வீட்டைச் சுட்டின. விளைவு என்ன? பணம் பறிகொடுத்தவர்கள், காணாமற்போனவரைத் தேடுபவர்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள், பொலிசார் என்று ஆண்டுக்கணக்காக ஆட்கள் அவ்வீட்டுக்கு வந்து, அங்கிருந்தவர்களைக் கள்வரென எண்ணி மிரட்டினர். 2016ஆம் ஆண்டிலே ஒரு பத்திரிகையாளர் இதனை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே காரணம் தெரிந்தது. கொம்பனி அப்புள்ளியை எடுத்து ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவே வைத்தது. நமது வாவியின் நடுவே ஒரு கம்பை நட்டு, “ஊர் தெரியாதவர்களெல்லாம் இங்கேதான் குடியிருக்கிறார்கள்” என்று சொல்வதற்கு ஒப்பாகும் இது. தண்ணீரிலே வைத்திருந்தால் ஆரம்பத்திலேயே ஒரு குடும்பம் துன்பப்பட்டிராது.

அட்டவணையின் பிழை இது. இடாப்பிலேயே பிழை நேர்ந்தால் என்னாகும்? அதற்கும் உதாரணம் உண்டு. 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இந்தியாவின் பெங்களூரிலே கணினித் துறையில் தொழில் பார்த்த ஒரு வாலிபரைப் புனே நகரப் பொலிசார் கைதுசெய்தனர். அக்காலத்தில் இருந்த ஓர்க்குட் என்னும் தளத்திலே சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்று வெளியாகியிருந்தது. அதனை இட்ட ஐ.பி. விலாசம் இவருடையது என்று தொலைபேசிக் கொம்பனி விபரம் கொடுத்தது. அவர் 50 நாட்கள் சிறையில் இருந்தார். பின்னர்தான் அவ்விபரம் பிழையென்பது தெரியவந்தது. அவர் அந்தப் படத்தைப் போடவேயில்லை.

அதே 2007ஆம் ஆண்டில் நமது நாட்டிலே நடந்ததொன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். அது இணையத்தைப் பற்றியதன்று. ஆனால் விலாசத்தைப் பற்றியது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் என்ற பேதம் பார்க்கப்படவில்லை. மறுநாளே உயர்நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையை நீட்டி, அதிலுள்ள ஊர்ப் பெயரை வாசிப்பவரின் முகத்தை நோக்கி நின்ற நாட்கள், இங்கே இருக்கும் பெரியோர் பலருக்கு நினைவிருக்கும். விலாசத்தைக் கொண்டு ஆளைத் தீர்மானித்தால் எவ்வளவு துன்பம் வரும் என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனாற்றான் சொல்கிறோம்: அந்தத் துன்பத்தை அறிந்த நாமே, ஓர் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அயல்வீட்டுப் பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

வைகாசி மாதத்திலே நமது பிரதேசமெங்கும் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு செய்கிறோம், குளுத்தி பாடுகிறோம். அந்தக் கதையின் நடுவில் இருப்பது என்ன? கோவலன் கையிற் சிலம்பு இருந்தது உண்மை. அது அரசியின் சிலம்பைப் போல இருந்ததும் உண்மை. ஒரு பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், தலை போயிற்று. சிலம்பை உடைத்து முத்தா மாணிக்கமா என்று பார்த்த விசாரணை, தண்டனைக்கு முன்னர் நடந்திருக்க வேண்டியது. தண்டனைக்குப் பின்னர் நடந்தது. பெங்களூர் வாலிபரின் கதையும் அதுதான். கையிலகப்பட்டது சிலம்பாக இருந்தாலென்ன, ஐ.பி. இலக்கமாக இருந்தாலென்ன, அதை உடைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது.

இதனை நமது ஊர் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம். கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் விருந்தினர் விடுதி நடத்தும் குடும்பங்கள் பல. இணைய இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வாரந்தோறும் புதிய ஆட்கள் வந்து அதே வைபையைப் பாவித்துவிட்டுப் போவார்கள். அவர்களுள் ஒருவர் ஒரு பெண்ணை மிரட்டிச் செய்தி அனுப்பிவிட்டு மறுநாள் ரயிலேறினால், இடாப்பிலே நிற்பது யாருடைய பெயர்? விடுதிக்காரருடைய பெயர். வீடுகளிலும் அப்படியே. அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல்லைச் சொல்லிக் கொடுத்திருப்போம். அது நல்ல அயலவர் குணந்தான். ஆனால் இலக்கம் காட்டுவது ரூட்டரை. அதன் பின்னால் இருந்து எழுதிய கையை அன்று.

அன்றியும், முகநூலில் எழுதியவரின் ஐ.பி. விலாசம் வாசிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது அத்தளத்தை நடத்தும் கொம்பனிக்கே தெரியும். “நாங்கள் லொக்கேஷனைப் பிடித்துவிட்டோம்” என்று ஒருவர் சொன்னால், ஒன்றில் வெறும் வீம்பாக இருக்கும். அல்லது ஏதோவொரு இணைப்பை அனுப்பி, அதனை மற்றவர் தொட்டபோது கிடைத்த இலக்கமாக இருக்கும். அந்த இலக்கமுங்கூட முன்னே நாம் சொன்ன கொழும்பைத்தான் காட்டும்.

அப்படியானால் குற்றம் செய்தவன் தப்பிவிடுவானா என்று கேட்பீர்கள். தப்பமாட்டான், ஆனால் அவனைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, நீதவானின் பிடியாணை பெற்று, இணைய சேவை வழங்கும் கொம்பனியிடமிருந்து வாடிக்கையாளர் விபரத்தைப் பொலிசார் பெறலாம். அவசர வேளைக்கென விதிவிலக்கும் அதில் உண்டு. பொய்ப் பெயரில் ஒளிந்திருப்பதாக எண்ணுபவர், இடாப்பு ஒன்று எங்கோ இருக்கிறதென்பதை மறந்துவிடக் கூடாது. பிடியாணை வழியாகப் பெறவேண்டிய விபரத்தை ஊர்ச் சண்டையிலே ஊகத்தால் நிரப்புபவரும், தாம் நீதவான் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கே நேரம் என்பது மிக முக்கியம். ஒரே விலாசத்தைப் பலர் பகிர்வதால், எந்தத் திகதி, எந்த மணி, எந்த நிமிடம் என்பது சரியாக இல்லாவிட்டால் இடாப்பிலே வேறொருவர் பெயர் வந்துவிடும். வெளிநாட்டுக் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் குறித்து வைக்கும். நமது நேரம் அதற்கு 5½ மணித்தியாலம் முந்தியது. 1996இல் நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் மீண்டும் பழையபடி வைத்ததைப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டறிந்த பின்னரே அன்று காரியம் பேசுவார்கள். இணைய விசாரணையிலும் முதற் கேள்வி அதுவாகவே இருக்க வேண்டும்.

இனி நமது அந்தரங்கத்துக்கு வருவோம். ஐ.பி. இலக்கத்துக்குப் பயப்படும் நாம், அதனைவிடப் பன்மடங்கு நுட்பமான விபரங்களை விரும்பியே கொடுத்துவிடுகிறோம். கைத்தொலைபேசி செய்மதிகளைக் கொண்டு தன் இடத்தைச் சில மீற்றர் அளவுக்குக் கணித்துக்கொள்கிறது. ஒரு விளையாட்டுச் செயலி “உமது இடத்தை அறியலாமா?” என்று கேட்கும்போது, வாசியாமலே ‘ஆம்’ என்று தட்டிவிடுகிறோம். நமது படலையைக் காட்டுவது இலக்கமன்று, நமது விரல்தான். கமராவிலே இட அனுமதி திறந்திருந்தால், எடுக்கும் படத்தினுள்ளேயே இடக்குறிப்பு பதிந்துவிடும். படத்தைக் கோப்பாக அனுப்பினால் அக்குறிப்பும் கூடவே போகலாம்.

வி.பி.என். போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் கொழும்பு, நீர்கொழும்புத் தேவாலயங்களும் தாக்கப்பட்ட அந்தத் துயர நாளிலும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது, இந்த வி.பி.என். நம் நாட்டில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அது செய்வது என்ன? நமது கடிதத்தை ஓர் இடையாளிடம் கொடுக்கிறோம். அவர் தம் விலாசத்தை இட்டு அனுப்புகிறார். பெறுபவருக்கு நமது விலாசம் தெரியாது. ஆனால் அந்த இடையாளுக்கு நாம் யாருக்கு எழுதுகிறோம் என்பது தெரியும். காசு வாங்காமல் இத்தொண்டைச் செய்பவர் எதனால் பிழைக்கிறார் என்று யோசித்த பின்னரே அவரை நம்ப வேண்டும்.

சட்டம் நம்மைக் காக்காதா? நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தரங்கத்தைத் தனியானதோர் அடிப்படை உரிமையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்தியாவிலோ 2017 ஆகஸ்ட் 24ஆம் திகதி, உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் அதனை அடிப்படை உரிமையென்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய இட விபரமும் இணைய அடையாளமும் அதன்படி தனிநபர் தரவுகளே. அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. சட்டம் காகிதத்தில் இருந்தாற் போதாது. நடைமுறைக்கு வரவேண்டும் என்று கேட்பது இளைஞராகிய நமது கடமை.

கேட்பதோடு நின்றுவிடாமல், நாமே செய்யக்கூடியவை சில உண்டு. விடுதி நடத்துவோர் விருந்தினருக்கென்று வேறான வைபைப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, அதனை அடிக்கடி மாற்றுங்கள். ரூட்டரோடு வந்த பழைய கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். கைத்தொலைபேசியில் எந்தெந்தச் செயலிக்கு இட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள், வேண்டாதவற்றை நிறுத்துங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். எவரேனும் படத்தைக் காட்டி மிரட்டினால் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். வந்த செய்தியை அழிக்காமல், திகதியும் நேரமும் தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை சொல்ல வரும்போது முதலில் போனைப் பறிக்காதீர்கள்; முதலில் கேளுங்கள். போனைப் பறித்தால் அடுத்த முறை அப்பிள்ளை சொல்லாது. மிரட்டுபவனுக்கு அதுவே வசதி.

பெரியோர்களே, வள்ளுவர் ஒற்றாடல் என்றோர் அதிகாரமே வைத்தார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் அதனைத் தெளியலாம் என்றும் அரசனுக்குச் சொன்னார். ஐ.பி. இலக்கம் ஓர் ஒற்றன் மாத்திரமே. சரியான நேரத்தோடு ஒப்பிட்ட கொம்பனியின் இடாப்பு இரண்டாவது. செய்தி புறப்பட்ட கருவியை முறைப்படி ஆராய்ந்து காண்பது மூன்றாவது. மூன்றும் ஒத்த பின்னரே ஆளைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்த இலக்கம் ஒரு விலாசம், அவ்வளவே.

ஆகவே இம்மன்றத்தின் அங்கத்தவர்களாகிய நாம் இரண்டு காரியங்களில் உறுதியாக இருப்போமாக. முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத சொல்லைப் பொய்ப் பெயரில் எழுதமாட்டோம். தீர விசாரியாமல் எவர் பெயரையும் ஊர்ச் சந்தியிலே இழுக்கமாட்டோம்.